ஒரு சொளகு தவிடு

புறவழிச்சாலையைத் தாண்டி மதுரை ரோட்டில் வெகுதூரம் நடந்த பிறகுதான் தோளில் இன்னும் பொன்னாடை கிடப்பதைக் கவனித்தேன். எதிரே வந்த பேருந்துகளில் ஜன்னலோரம் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தது அதற்காகத்தான். காலையில் மேடையில் போர்த்தியது. சிவப்பு, ஓரத்தில் மட்டமான சரிகை. வெயிலுக்குக் கழுத்தை அரித்தது. உருவி மடித்துப் பைக்குள் திணித்தேன். பைக்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு அலுமினியத் தட்டு, சோப்பு டப்பா. இருபது நாளைக்கு முன்னால் திண்டுக்கல்லில் வந்து இறங்கியபோதும் இவ்வளவுதான் இருந்தது.

நான் விட்டு வந்தது நான் பிறந்த வீடு. மாதா கோவிலுக்குப் பின்தெருவில் அப்பா கட்டிய ஓட்டு வீடு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். இப்போது அந்த வீட்டு வாசலில் கருங்கல் பலகை பதித்திருக்கிறார்கள். அதில் என் அண்ணன் பெயரும், அவர் சிறுவயதைக் கழித்த இல்லம் என்பதும், பண்பாட்டு மையம் என்பதும் வெட்டியிருக்கிறது. அண்ணன் எழுத்தாளர், பெரிய எழுத்தாளர். சென்னைக்குப் போய் நாற்பது வருடமாகிறது. அம்மா இறந்த பிறகு பூட்டிக் கிடந்த வீட்டை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். முன்னறையில் நூலகம் வைத்திருக்கிறார்கள். கூடத்தில் கூட்டம் நடத்த நாற்காலிகள். முற்றத்தில் கொட்டகை போட்டு, சனி ஞாயிறுகளில் பறையும் ஓவியமும் தையலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். மாடு கட்டிய பின்கட்டில் சிமெண்ட் பூசி, ஒரு காற்றாடி மாட்டி, காவலாளுக்கு என்று ஓர் அறை.

எனக்கு வேண்டியிருந்தது அந்த அறை.

பதினாறு வயதில் வீட்டை விட்டுப் போனவன் நான். திருப்பூர்ச் சாயப்பட்டறை, பொள்ளாச்சித் தேங்காய்க் களம், மூணாறுப் பக்கம் மரம் இழுக்கிற வேலை, லாரியில் கிளீனர், கொடைக்கானலில் லாட்ஜ் ரூம்பாய். எதிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. யாரும் விரட்டவில்லை, நானாகக் கிளம்பிவிடுவேன். ஐம்பத்தெட்டு வயதில் இடது முழங்கால் மடங்க மறுத்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்திருந்தபோது, வடை சுற்றிக் கொடுத்த பேப்பரில் எங்கள் வீட்டின் படத்தைப் பார்த்தேன். திறப்பு விழா வரப்போகிறது, தங்கியிருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேடுகிறார்கள் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. நாற்பது வருடத்தில் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. மறுநாளே பஸ் ஏறினேன்.

அறக்கட்டளையின் செயலாளர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நான் போனபோது கூடத்துச் சுவருக்கு எதிரே நின்று, சாரத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த ஓவியனிடம் பேசிக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க ஒரு படம். ரயில்வே ஸ்டேஷன். 'கொடைரோடு' என்று மஞ்சள் பலகை. எலும்பும் தோலுமான ஒரு பெண் கைக்குழந்தையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ரயில் வாசலில் தலைப்பாகைக்காரன் ஒருவன் குழந்தையை வாங்குகிறான். அவன் காலடியில் ஒரு மூட்டை. தூண் மறைவில் ஒரு பையன் அழுகிறான்.

"இது யாரு சார்?" என்றேன்.

"ஐயாவோட அம்மா. பஞ்சத்துல தம்பிய ஒரு மூட்டை தவிட்டுக்கு வித்துட்டாகல்ல. ஐயாவோட நாவல்ல வருதே, படிச்சதில்லையா?"

"நான் ஏழாவதோட நின்னுட்டேன் சார்."

"படிக்கணும். படிச்சவன் பூராம் அழுதிருக்கான்."

"அந்தத் தம்பி நாந்தான் சார்."

செயலாளர் என்னைப் பார்த்தார். சாரத்தின் மேலிருந்த ஓவியன்தான் முதலில் சிரித்தான். "வித்த சரக்கு திரும்பி வந்துருச்சு சார். தவிட்டத் திருப்பிக் கேப்பாக, பாத்துக்கங்க."

அவர் சிரிக்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனை என் காதில் வைத்தார்.  அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்பா பிரம்ப எங்க வச்சிருப்பாரு?"

"மாதா படத்துக்குப் பின்னால."

"சாரிட்டக் குடு" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அம்மா என்னை விற்றது உண்மைதான். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் வருடம் திரும்பும் முன் போய்விட்டன. நானும் மூன்றாம் மாதத்தில் மூச்சு இழுத்தேனாம். பிள்ளை தங்காத வீட்டில் செய்வதைத்தான் அம்மாவும் செய்தாள். கோவில் முக்கில் பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஏழு பிள்ளைகள், ஏழும் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருந்தன. அவர்கள் இந்துக்கள், நாங்கள் வேதக்காரர்கள், அதை யாரும் பார்க்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் சுரூபம் இருக்கும் கெபிப் படியில் என்னைக் கிடத்திவிட்டு அம்மா தள்ளி நின்றாள். பூக்காரம்மா ஒரு சொளகு தவிட்டை முறத்தோடு அம்மா கையில் கொடுத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு மூன்று எட்டு நடந்து, தன் பாலை ஒரு வாய் கொடுத்து, "எம்பிள்ளைய நீ வளத்துக் குடு" என்று திரும்பத் தந்தாள். அவ்வளவுதான். தவிட்டை மாட்டுக்கு வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் இப்படி விற்கப்பட்டவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

ஆனால் அன்றையிலிருந்து நான் அடுத்தவள் பிள்ளை. அம்மா அதில் கறாராக இருந்தாள். அப்பா பிரம்பை எடுத்தால் குறுக்கே வந்து நிற்பாள். "அது பூக்காரி பிள்ள. அடுத்தவ பிள்ள மேல கை வைக்காதீக." அப்பா கை அப்படியே நிற்கும். எடுத்த பிரம்பைச் சும்மா வைக்கிற மனிதர் இல்லை அவர். அண்ணனைக் கூப்பிடுவார். நான் இங்க் பாட்டிலை உடைத்தாலும், மாட்டை அவிழ்த்து விட்டாலும், அடி அண்ணனுக்கு. என்னைவிட ஒன்பது வயது பெரியவர். சுவரைப் பார்த்து நின்று வாங்குவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றதும் உண்டு. அம்மா அவருக்குக் குறுக்கே ஒரு நாளும் போனதில்லை. அவர் அவள் சொந்தப் பிள்ளை.

செயலாளருக்கும் இந்த வழக்கம் தெரியும். போனை வைத்துவிட்டு என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனவர், மெதுவாகச் சொன்னார். "எம்மூத்தவனையே அப்படித்தான் வித்து வாங்குனோம். தெரியாமலா இருக்கேன்? ஆனா நாவல்ல அப்படி இல்லையே அப்பு. நாவலுக்காகத்தான் இந்த வீடே. மெட்ராஸ்ல இருந்து, டெல்லியில இருந்து ஆளுக வரப்போறது அந்த ஸ்டேஷன் சீனப் பாக்கத்தான்."

"பழைய ஆளுகளுக்குத் தெரியும்ல சார்?"

"அம்புட்டுப் பேரும் போய்ச் சேந்தாச்சு. மிச்சம் நாலஞ்சு பேரு. அவுக நாவல் படிக்கிறவுக இல்ல."

பிறகு அறைக் கதவைத் திறந்து காட்டினார். கட்டில் இல்லை, பாய் இருந்தது. ஆணியில் ஒரு கண்ணாடி. காற்றாடியைப் போட்டுக் காண்பித்தார். "இது உங்களுக்குத்தான். கண்ண மூடுற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. எழுதியே தாரேன். ஒண்ணே ஒண்ணு செய்யணும். விழா அன்னைக்கு மேடையில ஏறி ரெண்டு வார்த்தை. ஐயாவும் சரின்னுட்டாரு."

என்ன வார்த்தை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சாவியை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே போய்த் தாழ் போட்டுப் பார்த்தேன். மறுநாள் காலையில் சரி என்று சொன்னேன்.

இருபது நாள் அந்த அறையில் இருந்தேன். காலையில் கூட்டுவேன், செடிகளுக்குத் தண்ணீர் விடுவேன், நாற்காலி துடைப்பேன். திறப்பதற்கு முன்னாலேயே பார்க்க ஆட்கள் வந்தார்கள். தையல் வகுப்புக்குப் பெயர் கொடுக்க வந்த பெண்கள் சுவரின் முன் நின்று மூக்கில் விரல் வைத்தார்கள். "இவ பெத்தவளா, பேயா? தான் பட்டினி கெடந்து செத்தாலும் பிள்ளைய விப்பாளா ஒருத்தி?" ஒருத்தி படத்திலிருந்த அம்மாவின் முகத்துக்கு நேரே கையை மடக்கி நெட்டி முறித்துச் சபித்தாள். நான் ஈரத் துணியை வாளியில் பிழிந்துகொண்டிருந்தேன்.

சாயங்காலங்களில் செயலாளர் எனக்குப் பேச்சு பழக்கினார். பத்தாம் வகுப்பு மாணவனுக்குச் செய்யுள் சொல்லிக்கொடுப்பதுபோல, ஒவ்வொரு வரியாக.

"'குடுத்தாக'ன்னு சொல்லாதீக. எடுபடாது. 'வித்தா'ன்னு சொல்லுங்க. அந்த எடத்துல செத்த நிறுத்தணும்."

"எங்கம்மாவ அடுத்தவுக முன்னால அவ இவன்னு சொன்னதில்ல சார்."

"கோபம் தெரியணும்ல. கோபம் இருந்தாத்தான் கடைசியில மன்னிக்கிறப்ப ஜனம் அழும்."

நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன். லாட்ஜ் வேலையில் ஆளுக்குத் தகுந்தபடி முகம் வைத்துப் பழகியவன். ஐந்தாவது நாள் ஓவியனே சாரத்திலிருந்து கை தட்டினான். "பெருசு, நீரு நாடகத்துக்குப் போயிருக்கலாம்யா."

விழாவன்று காலை பத்து மணிக்கெல்லாம் கூடம் நிறைந்து தெருவில் ஷாமியானா வரைக்கும் ஆட்கள். அண்ணன் மதுரைக்கு விமானத்தில் வந்து காரில் வந்து இறங்கினார். தலை முழுக்க வெள்ளை, அப்பாவின் அதே நடை. என்னைப் பார்த்ததும் நின்றார். "மெலிஞ்சு போயிட்டடா" என்றார். அதற்குள் யாரோ மைக்கை நீட்டினார்கள்.

என்னை ஏற்றியபோது மேடையில் ஏழு பேர் இருந்தார்கள். எதிரே முந்நூறு முகம் இருக்கும். நான் பேசினேன். என் அம்மா என்னை ஒரு மூட்டை தவிட்டுக்கு வித்தா என்றேன். சொன்ன இடத்தில் நிறுத்தினேன். கொடைரோடு ஸ்டேஷனில், மூன்று மாதப் பிள்ளையை, ரயிலில் வந்த ஒருவனிடம். பெற்றவளுக்கு இரக்கம் இல்லை, தூணுக்குப் பின்னால் நின்ற என் அண்ணனுக்கு இருந்தது, அதனால்தான் அவர் எழுத்தாளரானார் என்றேன். இதற்குள் முன்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. செல்போன்களெல்லாம் உயர்ந்தன. அவளை மன்னித்துவிட்டேன் என்று முடித்தேன். அண்ணன் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். போட்டோ எடுத்து முடித்த பிறகும் பிடியை விடவில்லை. அது நடிப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்த நேரத்தில்தான் பொன்னாடை போர்த்தினார்கள்.

கீழே இறங்கும்போது மேடை ஓரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். எழுபது வயதிருக்கும். இடுப்பில் காலிப் பூக்கூடை. விழாவுக்கு மாலை கட்டிக்கொண்டு வந்தவள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பூக்காரம்மாவின் மூத்த மகள். சின்ன வயதில் இவள் இடுப்பில் உட்கார்ந்து கோவில் முக்கைச் சுற்றியிருக்கிறேன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏலே" என்றாள். "எங்காத்தா ஒன்னத் தூக்கிட்டு மூணு எட்டுத்தான் நடந்தா. நான் கூட நின்னு பாத்தேன். எந்த ரயில்ல ஏத்துனா ஒன்ன?"

"மேடைக்காகச் சொன்னது அக்கா."

"எங்காத்தா சாகுற வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் ஒனக்கு ஒரு சட்டத் துணி எடுத்து வச்சிருந்தா. நீ ஓடிப்போன பெறகும் வச்சா. ஒங்கம்மா ஒவ்வொரு வருசமும் வந்து வாங்கிட்டுப் போவா, எம்மகன் வந்தாக் குடுக்கணும்னு. அவளப் போய் மைக்கு வச்சுப் பேசுற." கூடையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "அக்கான்னு கூப்புடாத. இந்தத் தெருவுல அந்த வாயோட நடந்து வந்துராத."

அவள் போன பிறகு பந்திக்குக் கூப்பிட்டார்கள். பிரியாணி போட்டிருந்தார்கள். சாப்பிட்டேன். பசி இருந்தது.

மூன்று மணிக்கு விருந்தினர்கள் கிளம்பத் தொடங்கினார்கள். நான் பொன்னாடையோடு வாசல் கூட்டப் போனேன். செயலாளர் ஓடிவந்து விளக்குமாற்றைப் பிடுங்கினார்.

"என்ன காரியம் பண்றீக? போட்டோக்காரன் இன்னும் போகல."

"கூட்ட வேணாமா சார்?"

என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுல ஒரு சிக்கல் ஆயிருச்சு அப்பு. இப்பத்தான் ட்ரஸ்ட்டுல பேசுனாங்க. நீங்க இதுக்கு முன்னால யாரோ ஒரு ஆளு. இப்ப ஐயாவோட தம்பி. வீடியோ அதுக்குள்ள எங்கெங்கயோ போயிருச்சு. நாளைக்கு வர்றவன், கேட்டுல ஒக்காந்திருக்கிறது யாருன்னு கேப்பான்ல? இம்புட்டுப் பெரிய எழுத்தாளர், கூடப் பொறந்தவன வாட்ச்மேனா வச்சு, மாட்டுக் கொட்டத்துல படுக்கப் போட்டிருக்காருன்னு எழுதுவானா மாட்டானா?"

"வாட்ச்மேன் வேணாம் சார். சும்மா இருந்துக்கிறேன். ரூம் மட்டும் போதும்."

"அந்த ரூம்ல தம்பி இருக்காருன்னாலும் அதே பேச்சுத்தான. வேற ஆளு சொல்லியாச்சு. நத்தத்துப் பையன், நாளைக்கு வாரான்."

"எழுதித் தாரேன்னு சொன்னீகளே."

"அது காவலாளுக்குன்னு சொன்னது" என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். "ஐயாகிட்டப் பேசுங்க. அவரு கூட்டிட்டுப் போனா அதுதான் மொறை."

அண்ணன் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். கண்ணாடியை இறக்கினார். ரூம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவருக்கு முன்பே தெரியும் என்பது, அவர் என்னைப் பார்க்காமல் கருங்கல் பலகையைப் பார்த்ததில் தெரிந்தது.

"அண்ணே, அம்மாவப் பத்தி நீ ஏன் அப்படி எழுதுன?"

"அவ உனக்காகக் குறுக்க வந்து நின்னா" என்றார். "எத்தன தடவன்னு எனக்குத் தெரியும். எனக்காக ஒரு தடவ நின்னிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேன்." கண்ணாடிப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, "நீ என்னைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளடா" என்றார். டிரைவர் நேரமாகிறது என்று கடிகாரத்தைக் காட்டினார். விமானம் ஆறு மணிக்கு.

கார் போன பிறகு பின்கட்டுக்குப் போய்ப் பையை எடுத்தேன். சாவியைக் கதவிலேயே விட்டேன். கூடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுவரின் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டீச்சர், "அம்மா மூஞ்ச மறைக்காம நில்லுங்கடா" என்று அதட்டினார்.

சின்னாளப்பட்டி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். கால் வலித்ததே தவிரத் தூக்கம் வந்தது. விடிந்ததும் டீக்கடையில் ஒரு டெம்போ டிரைவர், சித்தையன்கோட்டையில் தேங்காய் உரிக்க ஆள் இல்லாமல் லோடு நிற்கிறது என்று இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வேலை தெரியும் என்றேன். முழங்காலைப் பார்த்தார். பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார்.

களத்து முதலாளி ஒரு பாய். தாடியில் பாதி நரை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வயசாளி. உரிக்கிற பாரையில கால வச்சுக்கிட்டீருன்னா ஆஸ்பத்திரிக்கு நாந்தான் அலையணும். வேணாம் அத்தா, டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

"பொள்ளாச்சியில ஒண்ணர வருசம் உரிச்சிருக்கேன் பாய்."

"அது எப்ப, எம்ஜியார் காலத்துலயா?" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். தேய்த்துத் தேய்த்து ஒரு வீடியோவைக் கண்டுபிடித்து, போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் குரல் எனக்கே கேட்டது. வித்தா என்று சொல்லி நிறுத்துகிற இடம்.

"யா அல்லா. இது நீங்கதான?"

நான் போனைப் பார்த்தேன்.

"ராத்திரி எங்க வீட்டுக்காரம்மா இதப் பாத்து அழுது, சாப்பிடவே இல்ல." போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். என் பையைத் தானே வாங்கித் தூணில் மாட்டினார். "இருங்க. இங்கயே இருங்க. உரிக்கிறத மெதுவா உரிங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கொட்டகையில படுத்துக்கலாம். பெத்தவளே தவிட்டுக்குத் தூக்கிக் குடுத்த ஆள நானும் போன்னு சொன்னா மனுசனா நான்? அவளெல்லாம் ஒரு தாயா, சொல்லுங்க."

களத்தில் காய்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. பக்கத்தில் ஐந்தாறு பேர் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாரை மட்டும் கூர்முனை மேலே தெரிய ஆளில்லாமல் நட்டிருந்தது. பாய் பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவ தாயில்லதான் பாய்" என்றேன்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பாரைக்கு முன்னால் போய் நின்று, முதல் காயை எடுத்துக் குத்தினேன்.